யார் கூற்று? – போர்த் திரைப்படங்களும் பின்னணிக் குரலும்

சென்ற தவணையில் எமது பீடத்து மாணவர் சிலர் ஒன்றுகூடி ஒலிவர் ஸ்ரோனின் 'பிளட்டூன்' என்னும் திரைப்படத்தைத் திரையிட்டனர். படம் முடிந்ததும் வழமைபோல் ஒரு கலந்துரையாடல் நிகழ்ந்தது. அதில் இரு கருத்துகள் மேலோங்கி நின்றன. இப்படம் தலைசிறந்த போரெதிர்ப்புப் படம் என்பதும், பின்னணியில் ஒலிக்கும் கதாநாயகனின் குரலே அதற்கு அத்தகுதியை ஈட்டித் தருகின்றது என்பதும் முதலாவது. சினிமா ஒரு காட்சி ஊடகமாதலின், குரலைக் கொண்டு கதை கூறுதல் இலக்கியத்திடம் இரவல் வாங்கிய ஊன்றுகோல் என்பது இரண்டாவது. முதலாவதைச் சொன்னோர் பலர். இரண்டாவதைச் சொன்னோர் சிலரே, ஆயினும் உரத்துச் சொன்னார்கள். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. அன்று நேரம் போதாமையாலும், பேசத் தொடங்கியதும் இடைமறிக்கப்பட்டமையாலும் சொல்லாது விட்டவற்றை இங்கு எழுதுகின்றேன்.

ஊன்றுகோற் கட்சியினர்க்கு அதிகம் விடையிறுக்க வேண்டியதில்லை. சோவியத் நெறியாளர் கிரிகோரி சுக்ராய் 1959 இல் ஆக்கிய 'போர்வீரனின் கதைப்பாடல்' என்னும் படத்தை அவர்கள் ஒருமுறை பார்த்தால் போதும். படத்தின் தொடக்கத்தில் ஒரு தாய் ஊரெல்லையில் நின்று நீண்ட சாலையைப் பார்க்கிறாள். அவள் எவரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை என்றும், அவளுடைய மகன் போரிலிருந்து மீளவில்லை என்றும், தொலைவில் அந்நியமானதோர் ஊரில் அவன் புதைக்கப்பட்டான் என்றும் ஒரு குரல் கூறிவிடுகின்றது. அதன் பின்னரே அல்யோஷா என்னும் பத்தொன்பது வயது இளைஞனின் கதை தொடங்குகின்றது. இரண்டு டாங்கிகளை அழித்த அவன், பதக்கத்துக்குப் பதிலாகத் தாயைக் கண்டு வீட்டுக் கூரையைச் செப்பனிட்டு வர விடுமுறை கேட்கிறான். ஆறு நாள்கள் கிடைக்கின்றன. வழியில் பிறருக்கு உதவி உதவியே அந்நாள்கள் கழிகின்றன. தாயைக் கட்டித் தழுவிச் சில வார்த்தை பேசவே அவகாசம் எஞ்சுகின்றது. அவன் இறந்துவிட்டான் என்பதை நாம் முன்னரே அறிந்திருப்பதனால், புகையிரதத்தில் அவன் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் எம்மை வருத்துகின்றது. இவ்வறிவைக் கமராவால் அந்த முதற் கணத்திலே தந்திருக்கவியலுமா? குரலே தந்தது. ஆகவே பின்னணிக் குரல் கலைக்குப் புறம்பானது என்ற வாதத்தை இத்துடன் விட்டுவிடலாம். நான் வாதிட விரும்புவது மற்றைய சாராருடன்.

எமது செய்யுள் மரபு ஒரு வினாவை ஒருபோதும் கேளாது விட்டதில்லை. இது யார் கூற்று, யார் கேட்கச் சொல்லப்பட்டது என்பதே அவ்வினா. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளை வகுத்தபோது கூற்றையும் கேட்போரையும் தனித்தனி உறுப்புகளாகவே வைத்தார். தலைவி கூற்றா, தோழி கூற்றா என்று அறியாமல் அகப்பாட்டொன்றை விளங்கிக்கொள்ள முனைந்தால் எமது விரிவுரையாளர்கள் எம்மை வகுப்பிலிருந்து வெளியேற்றிவிடுவர். ஆனால் இருட்டறையில் திரைக்கு முன் அமர்ந்ததும் நாம் அவ்வினாவை மறந்துவிடுகின்றோம். உருக்கமான ஓர் ஆண்குரல் காதில் விழுந்ததும், அது உண்மையின் குரலே என நம்பிவிடுகின்றோம்.

போரைச் சொல்லும் குரலைப் பற்றிப் பழையோர் எம்மைவிட விழிப்பாகவே இருந்தனர். சஞ்சயன் போரைச் சொல்வது கண்பார்வையற்ற திருதராட்டிரனுக்கு. அவன் வெறுமனே வருணிப்பதில்லை. இவ்வழிவுக்குக் காரணம் நீயே என்று அரசனை முகத்துக்கு நேரே இடித்துரைக்கவும் செய்கின்றான். கலிங்கத்துப் பரணியிலோ களத்திலிருந்து வரும் பேயொன்று காளிக்குப் போரைப் பாடுகின்றது. அப்பேய் ஏன் அத்துணை மகிழ்ச்சியோடு பாடுகிறது என்பதைச் செயங்கொண்டார் மறைக்கவில்லை. பசித்த பேய்களுக்குப் பிணங்கள் கிடைத்துவிட்டன. பாடி முடிந்ததும் களத்திற்சென்று கூழடுவர். சொல்பவனுக்கு அப்போரில் என்ன நலன் உண்டு என்பது வெளிப்படையாக எம்முன் வைக்கப்படுகின்றது. பரணியின் போர்ப் புகழ்ச்சியை நான் ஏற்பவனல்லன். ஆயினும் இந்த ஒரு நேர்மை அதனிடம் உண்டு. வியட்நாம் போரைப் பற்றி எழுந்த புகழ்பெற்ற அமெரிக்கப் படங்களில் நான் காணாதது இந்நேர்மையையே.

பிரான்சிஸ் போர்ட் கொப்பொலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். படப்பிடிப்பு 1976 மார்ச்சில் பிலிப்பைன்சில் தொடங்கி 1977 மே மாதத்திலேயே முடிந்தது. படம் வெளிவந்த ஆண்டு 1979. ஜோசப் கொன்ராட்டின் நாவலில் மார்லோ என்னும் மாலுமி கதை சொல்வதுபோல, இங்கு கப்டன் வில்லாட் சொல்கின்றான். ஆனால் நாம் இன்று கேட்கும் குரல்வாசகம் படப்பிடிப்பின் பின்னர், படத்தொகுப்புக் காலத்திலேயே எழுதப்பட்டது. எழுதியவர் மைக்கல் ஹெர். வியட்நாமிலிருந்து போர்ச் செய்திகளை எழுதிய பத்திரிகையாளர். நடிகர் மார்ட்டின் ஷீனின் களைத்த, தாழ்ந்த குரல் அவ்வாசகங்களைக் கூறுகின்றது. அதன் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. முதன்முறை பார்த்தபோது நானும் அதில் மயங்கியவனே.

அப்படத்தில் ஆற்றிலே ஒரு சிறு வள்ளத்தைச் சோதனையிடும் காட்சி வருகின்றது. வள்ளத்தில் காய்கறியும் வாழ்வுப் பொருள்களும் ஏற்றிச் செல்லும் வியட்நாமிய ஏழைகள். சோதனையின்போது ஒரு பெண் ஏதோவொரு கொள்கலத்தை நோக்கிப் பாய்கிறாள். அச்சமுற்ற அமெரிக்க இளைஞன் இயந்திரத் துப்பாக்கியால் சுடுகின்றான். வள்ளத்தில் இருந்தோர் யாவரும் வீழ்கின்றனர். அவள் மறைக்க முயன்றது ஒரு நாய்க்குட்டியை. அவளிடம் உயிர் எஞ்சியிருக்கின்றது. படகின் தலைவன் விதிமுறைப்படி அவளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முற்படுகின்றான். தன் பயணம் தடைப்படுமெனக் கருதிய வில்லாட் அவளைச் சுட்டுக் கொல்கின்றான். உடனே அவனது குரல் பின்னணியில் எழுகின்றது. இவர்களை இரு கூறாகப் பிளந்துவிட்டுப் பின்னர் காயத்துக்குக் கட்டுப்போட முனைவது எம்மவரின் பொய்ம்மை, பொய்களை நான் வெறுக்கத் தொடங்கிவிட்டேன் என்னும் பொருள்பட அது பேசுகின்றது.

இவ்விடத்திலே எமது நண்பர்கள் தலையசைக்கின்றார்கள். எத்துணை கூர்மையான சுயவிமரிசனம் என்று வியக்கின்றார்கள். நான் கேட்பது ஒன்றே. செத்தவள் யார்? அவளுக்குப் பெயர் உண்டா? அந்த வள்ளம் எங்கிருந்து எங்கே போயிற்று? ஒன்றும் தெரியாது, தெரியவேண்டும் என்ற ஆவலும் எம்மிடம் எழுவதில்லை. கொன்றவனே குற்றத்தைக் கூறுகின்றான், கொன்றவனே தீர்ப்பும் வழங்குகின்றான், அத்தீர்ப்பின் அழகுக்காக நாம் அவனை மெச்சுகின்றோம். அவளுடைய சாவு அவனுடைய அகத்தெளிவுக்கு ஒரு படிக்கல்லாகிவிடுகின்றது. இக்குரல் இல்லாதிருந்தால் அக்காட்சி எம்மை நெடுநேரம் நிம்மதியின்றி வைத்திருக்கும். குரல் வந்து எமது மனத்தை அவளிடமிருந்து மெல்ல விலக்கி அவன்பாற் சேர்த்துவிடுகின்றது. படப்பிடிப்பின்பின் எழுதிச் சேர்க்கப்பட்டது இந்த மனச்சாட்சிதான் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

'பிளட்டூன்' (1986) இன்னும் வெளிப்படையானது. கல்லூரிப் படிப்பைக் கைவிட்டுத் தானாகவே படையிற் சேர்ந்த கிறிஸ் ரெயிலர் தன் பாட்டிக்கு எழுதும் கடிதங்களே இங்கு குரலாகின்றன. பேசுபவர் சார்லி ஷீன். வில்லாட்டாக நடித்தவரின் மகன். கிராமம் ஒன்று எரிக்கப்படுகின்றது. ஊனமுற்ற இளைஞன் ஒருவன் அடித்துக் கொல்லப்படுகின்றான். கூக்குரலிட்ட ஒரு பெண் சுடப்படுகின்றாள். இவற்றைக் காட்டிய துணிவுக்காக ஸ்ரோனுக்கு நன்றி கூறவேண்டும். பிற படங்கள் இவற்றைக் காட்டவுமில்லை. ஆனால் இறுதியில், ஹெலிகொப்டர் உயர எழும்பும்போது, குரல் முழுப் போரையும் கூட்டிக் கழித்துச் சொல்வது யாது? நாம் பகைவனோடு போரிடவில்லை, எம்மோடே போரிட்டோம், பகை எமக்குள்ளேயே இருந்தது என்பதாம். அன்றைய கலந்துரையாடலில் மிகுதியும் பாராட்டப்பட்டது இவ்வாசகமே.

வியட்நாம் அரசு 1995 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அப்போரில் மாண்ட வியட்நாமியக் குடிமக்கள் ஏறத்தாழ 20 இலட்சம். அவர்தம் பக்கத்துப் போராளிகள் ஏறத்தாழ 11 இலட்சம். மாண்ட அமெரிக்கர் 58,000க்குச் சற்று மேல். எம்மோடே நாம் போரிட்டோம் என்று ஒருவன் சொல்வானாயின், இந்த முப்பது இலட்சம் பேர் எங்கே நின்று செத்தார்கள்? ஓர் அமெரிக்க இளைஞனின் உள்ளத்தில் நன்மையும் தீமையும் நடத்திய மல்யுத்தத்திற்கு அவர்களுடைய வயல்களும் வீடுகளும் மேடையாயின என்பதல்லவா இதன் பொருள்? இதனைப் போரெதிர்ப்பு என்று அழைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. தன் நோவை நினைந்து அழுதல் என்று அழைக்கலாம். அழுவது குற்றமன்று, அந்த அழுகையே போரின் வரலாறு என்று ஏற்கச் சொல்வதுதான் குற்றம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அன்று ஒரு நண்பர் சொல்லவும் சொன்னார். ஸ்ரோன் தாமே 1967, 1968 ஆம் ஆண்டுகளில் வியட்நாமில் காலாட்படையிற் போரிட்டவர். போர்வீரன் தான் கண்டதையன்றி வேறெதைச் சொல்வான்? வியட்நாமியப் பெண்ணின் உள்ளத்தை அறிந்தவன்போல் அவன் எழுதினாலன்றோ அது பொய்யாகும்? நியாயமான வினா. ஒரு கடிதம் தன் எல்லையை உணர்ந்த கடிதமாக இருந்தால் நான் வாய்திறக்கமாட்டேன். ஆனால் ரெயிலரின் குரல், நான் இவர்களை அறியேன், இவர்கள் பேசுவது எனக்கு விளங்கவில்லை என்று ஒருபோதும் தயங்குவதில்லை. அனைவர்க்குமாகப் போரின் பொருளை அது விளக்குகின்றது. தான் கண்டதைச் சொல்பவன் சாட்சி. விளக்கம் சொல்லத் தொடங்கியவன் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்துவிட்டான்.

வியட்நாமியரும் படம் எடுத்தார்கள் என்பதை நாம் ஏன் நினைப்பதில்லை? 'அபோகலிப்ஸ் நவ்' வெளிவந்த அதே 1979 இல் நுயென் ஹொங் சென் என்பவர் 'காட்டுவயல்' என்னும் படத்தை நெறியாள்கை செய்தார். கொப்பொலாவின் படத்தில் ஹெலிகொப்டர்கள் வாக்னரின் இசை முழங்கக் கிராமத்தின்மேல் பாயும் காட்சியை அறியாதார் இலர். நாம் ஹெலிகொப்டருக்குள் இருந்தே அதைப் பார்க்கின்றோம். 'காட்டுவயல்' படத்திலோ நாம் தண்ணீருக்குள் நிற்கின்றோம். வெள்ளம் சூழ்ந்த சதுப்பு நிலத்தில் வாழும் ஒரு கணவனும் மனைவியும், தலைக்குமேல் ஹெலிகொப்டர் வரும்போதெல்லாம் தம் குழந்தையைப் பொலித்தீன் பையில் இட்டு வாயைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமிழ்த்துகின்றனர். படத்தின் முடிவில் அந்த ஹெலிகொப்டர் வீழ்த்தப்படுகின்றது. இறந்த அமெரிக்க விமானியிடம் அவனுடைய மனைவியும் குழந்தையும் உள்ள புகைப்படம் ஒன்று இருப்பதை நாம் காண்கின்றோம். முப்பது இலட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு, தன்னைக் கொல்ல வந்தவனுக்கும் ஒரு குடும்பம் உண்டு என்று காட்டிற்று. கொல்லச் சென்றவனின் படத்தில் அந்த வள்ளத்துப் பெண்ணுக்கு ஒரு பெயர்தானும் இல்லை.

கடிதத்திற்குக் கடிதமாகவும் ஒன்று சொல்லலாம். டாங் நாட் மின் 1984 இல் எடுத்த 'பத்தாம் மாதம் வரும்போது' என்னும் படத்தில் ஒரு பெண், எல்லைப் போரில் கணவன் இறந்த செய்தியை நோயுற்ற மாமனாரிடமிருந்து மறைக்கின்றாள். ஊர் ஆசிரியரைக் கொண்டு கணவன் எழுதுவதுபோலக் கடிதங்கள் எழுதுவிக்கின்றாள். அங்கேயும் போர்வீரனின் கடிதம் வாசிக்கப்படுகின்றது. ஆனால் எழுதியவன் போர்வீரனல்லன், கேட்பவர் அறியாதவர், இடையில் நிற்பவள் எல்லாம் அறிந்தவள். கூற்றும் கேட்போரும் இவ்வாறு பிரிந்து நிற்கும்போது ஒரு சாதாரண நலவிசாரிப்புக் கடிதம் எத்துணை பாரமுடையதாகின்றது என்பதைப் பார்த்தவரே அறிவர்.

அமெரிக்கப் படங்கள் யாவும் ஒரே தரத்தன எனச் சொல்ல வரவில்லை. ஸ்ரான்லி குப்ரிக்கின் 'புல் மெற்றல் ஜாக்கெற்' (1987) படத்தின் திரைக்கதையிலும் அதே மைக்கல் ஹெருக்குப் பங்குண்டு. அங்கும் ஜோக்கர் என்னும் வீரனின் பின்னணிக் குரல் உண்டு. ஆனால் ஒளிந்திருந்து சுட்ட வியட்நாமியச் சிறுமியை அவன் கொன்றபின், எரியும் நகரினூடே படையினர் சிறுவர் தொலைக்காட்சிப் பாட்டொன்றைப் பாடிச் செல்ல, தான் உயிரோடிருப்பதையிட்டு மகிழ்ச்சி, இனி அச்சமில்லை என்று அக்குரல் சொல்லும்போது குப்ரிக் அதை நம்பவில்லை. நாமும் நம்பக்கூடாது என்றே படத்தை அமைத்திருக்கின்றார். குரல் சொல்வதொன்று, திரை காட்டுவதொன்று. இதனை நான் ஏற்கின்றேன்.

டெரன்ஸ் மலிக்கின் 'தின் ரெட் லைன்' (1998) எனக்குச் சிக்கலாகவே இருக்கின்றது. 1942 இல் குவாடல்கனால் தீவில் நிகழ்ந்த போரைக் கூறும் அப்படத்தில் ஒரு குரலன்று, பல குரல்கள். சிலவேளை பேசுபவன் யார் என்று துணியவும் முடியாது. மண்ணிற் புதைந்த யப்பானியப் போர்வீரனின் இறந்த முகம் மட்டும் மேலே தெரியும் ஒரு காட்சியில், நீ நல்லவனா, அன்புடையவனா என்று கேட்கும் குரலொன்று ஒலிக்கின்றது, அப்பிணமே பேசுவதுபோல. பகைவனின் பிணத்துக்கு வாய் கொடுத்தது பெரிது. ஆனால் அந்த வாயிலிருந்து வருவது அமெரிக்க ஆங்கிலம். அத்தீவின் சொந்தக் குடிகளோ படத்தின் தொடக்கத்திலே நீராடியும் பாடியும் தோன்றுகின்றனர். அவர்களுள் ஒருவருக்கேனும் அகக்குரல் வழங்கப்படவில்லை. இதனை மலிக்கின் குறையாகக் கொள்வதா, நேர்மையாகக் கொள்வதா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அரசாங்கங்களின் குரலைப் பற்றி விரித்தெழுத வேண்டியதில்லை. அதன் தன்மை யாவரும் அறிந்தது. கிரிஸ் மார்க்கர் 1957 இல் எடுத்த 'சைபீரியாவிலிருந்து ஒரு கடிதம்' என்னும் விவரணப் படத்தில் யாகுட்ஸ்க் நகரத்துத் தெருவொன்றின் ஒரே காட்சியை மூன்றுமுறை காட்டி மூன்று வருணனைகளைச் சேர்த்தார். ஒன்றில் அது பொன்னுலகு, மற்றதில் நரகம், மூன்றாவதில் 'நடுநிலை'. மூன்றுக்கும் படம் இசைந்து கொடுத்தது. போற்றத்தக்க படங்களும் இதற்கு விலக்கல்ல. நாசி வதைமுகாம்களைப் பற்றி அலன் ரெனே 1955 இல் எடுத்த 'இரவும் மூடுபனியும்' படத்தின் உரையை எழுதிய ஜோன் கெய்ரோல் தாமே முகாமில் அடைபட்டு மீண்டவர். அவ்வுரையின் அடக்கமான சொற்களை நான் பெரிதும் மதிக்கின்றேன். ஆயினும் அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அவ்வுரையில் யூதர் என்னும் சொல் ஒரேயொரு தடவைதான் வருகின்றது. பிரெஞ்சுத் தணிக்கையாளரோ முகாமொன்றில் காவல் நின்ற பிரெஞ்சுக் காவலரின் தொப்பியை மறைக்கச் செய்தனர். நல்ல குரலும் சிலவற்றைச் சொல்லாது விடுகின்றது.

இத்தனையும் பிறநாட்டுச் சங்கதி, எமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். 2009 மே மாதத்தில் எமது நாட்டில் போர் முடிவுற்றது. அதன் இறுதி மாதங்களைப் பற்றி 2011 இல் இரு விவரணப் படங்கள் வெளிவந்தன. ஒன்றைப் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிற்று. மற்றையதை அதற்கு மறுப்பாக இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்டது. இரண்டையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. எது நிகழ்ந்தது என்பது சான்றுகளால் தீர்க்கப்படவேண்டியதேயன்றிக் குரலின் கம்பீரத்தால் அன்று. அப்போது சிறுவனாக இருந்து பிற்காலத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த எனக்கு உறைத்தது வேறொன்று. இரு குரல்களும் ஆங்கிலத்தில் உலகத்தாரை விளித்தன. இரண்டும் எம்மைப் பற்றிப் பேசின, எம்மோடு பேசவில்லை. திரையில் நெஞ்சிலடித்து அழுத பெண்களின் தமிழை ஒரு சொல்லும் விடாது விளங்கிக்கொள்ளக்கூடிய என் தாயார், அவ்விரு படங்களிலும் கேட்போர் வரிசையில் இல்லை. 'யார் கூற்று, யார் கேட்க' என்னும் வினா பாடநூலை விட்டு என் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். ஆகவே வள்ளத்துப் பெண்ணைப் பற்றி நான் கோபமாகப் பேசினால், அதைச் சினிமா விமரிசனத்தில் உணர்ச்சிவசப்படுதல் என்று அன்று கூறிய நண்பர் மன்னிக்கவேண்டும்.

குரலை அறவே நீக்கிவிட்டால் தீர்ந்துவிடுமா எனின், அதுவுமில்லை. பீற்றர் டேவிஸ் 1974 இல் எடுத்த 'இதயங்களும் மனங்களும்' படத்தில் வருணனையாளர் இல்லை. கீழைத்தேயத்தார் மேலைநாட்டாரைப்போல் உயிருக்கு மதிப்பளிப்பதில்லை என்று ஜெனரல் வெஸ்ற்மோர்லன்ட் சொல்வதும், வியட்நாமியர் புதைகுழியருகே கதறி அழுவதும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வெட்டே ஒரு கூற்றுத்தான். ஆனால் பார்ப்போர் எதிர்த்துப் பேசக்கூடிய கூற்று. எலெம் கிளிமோவின் 'வந்து பார்' (1985) படத்திலும் கதைசொல்லும் குரல் கிடையாது. குண்டுவீச்சில் செவிப்புலன் மங்கிய சிறுவனோடு சேர்ந்து நாமும் இரைச்சலையே கேட்கின்றோம். பெலருஸ் நாட்டில் 628 கிராமங்கள் அவற்றின் மக்களோடு எரிக்கப்பட்டன என்பது முடிவில் எழுத்தில் மட்டும் வருகின்றது. எவரும் அதை உருக்கமாக வாசித்துக் காட்டுவதில்லை.

அடுத்த தவணையில் 1979 ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டையும், கொப்பொலாவினதையும் நுயென் ஹொங் சென்னினதையும், ஒரே வாரத்தில் திரையிடுமாறு எமது திரையிடற் குழுவினரைக் கேட்டிருக்கின்றேன். 'காட்டுவயல்' படத்தின் நல்ல பிரதியொன்றைத் தேடிப் பெறுவது எளிதன்று என்கின்றனர். 'அபோகலிப்ஸ் நவ்' 1979, 2001, 2019 என மூன்று வடிவங்களில் கிடைக்கின்றதாம். எது வேண்டும் என்று கேட்டார்கள்.